நேற்றைய செய்தி இன்று எங்கே?

2021ம் ஆண்டு ஜூன் 24ம் தேதி, பொழுது விடியும் முன்பே ஹாங்காங் நகரின் பத்திரிகைக் கடைகள் முன் மக்கள் வரிசையாக நின்றார்கள். ஆப்பிள் டெய்லி என்ற நாளிதழின் கடைசிப் பதிப்பு அன்று வெளிவந்தது. வழக்கத்தைவிடப் பல மடங்கு கூடுதலாக, பத்து இலட்சம் பிரதிகள் அச்சிட்டார்கள். தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அதன் ஆசிரியர்கள் கைது செய்யப்பட்டு, நிறுவனத்தின் கணக்குகள் முடக்கப்பட்ட நிலையில், சம்பளம் கொடுக்கக்கூட வழியின்றி அந்நாளிதழ் நின்றுபோனது. அதன் நிறுவனர் ஜிம்மி லாய், 1997ல் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவர். 2020ம் ஆண்டு முதல் சிறையில் இருந்த அவரை, 2025ம் ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் குற்றவாளி என அறிவித்தது.

இவையெல்லாம் நம்மில் பலர் அறிந்த செய்திகள். அதிகம் பேசப்படாத ஒன்றைப் பற்றி இங்கே சிந்திப்போம். கடைசிப் பதிப்பு வெளிவந்ததையொட்டி, ஆப்பிள் டெய்லியின் இணையதளமும் மூடப்பட்டது. 1995ம் ஆண்டு முதல் 26 ஆண்டுகள் எழுதப்பட்ட செய்திகள், கட்டுரைகள், படங்கள் அனைத்தும் ஒரே இரவில் வாசகர்களின் கண்ணிலிருந்து மறைந்தன. கடையில் காசு கொடுத்து வாங்கிய தாள் வாங்கியவரின் வீட்டில் இருந்தது. இணையத்தில் படித்தவரின் கையில் திறக்காத ஒரு முகவரி மட்டுமே மிஞ்சியது. இப்படி நடக்கும் என்று முன்னரே கணித்த சாதாரண மக்கள் சிலர், தளம் மூடப்படும் முன் இரவு பகலாகப் பக்கங்களைத் தங்கள் கணினிகளில் பதிவிறக்கி வைத்தார்கள். அதற்கு முந்தைய மாதமே அங்குள்ள அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.எச்.கே., ஓராண்டுக்கு மேல் பழைய நிகழ்ச்சிகளைத் தன் யூடியூப் பக்கத்திலிருந்து நீக்கத் தொடங்கியபோதும் இதையே செய்தார்கள்.

ஆப்பிள் டெய்லி எல்லா வகையிலும் முன்மாதிரியான ஏடு என்று நாம் சொல்ல வரவில்லை. பரபரப்புக்காகவும், பிறரின் அந்தரங்கத்தில் நுழைந்ததற்காகவும் அது பலமுறை கண்டிக்கப்பட்டது உண்டு. ஆனால், அது எழுதியதில் எது சரி, எது தவறு என்று சோதித்துப் பார்ப்பதற்கும் அந்தப் பழைய பக்கங்கள்தானே வேண்டும்?

செய்தியைச் சேமிப்பதும் செய்தியின் நம்பகத்தன்மையைத் தீர்மானிப்பதும் இரு வேறு வேலைகள் என்றே நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். முதலாவது நூலகர்களின் வேலை, இரண்டாவது அறிவாளிகளின் வேலை என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் முதலாவது இல்லாமல் இரண்டாவது இல்லை. ஒருவரை நம்பலாமா என்று ஊரில் எப்படி முடிவு செய்கிறோம்? அவர் சென்ற ஆண்டு என்ன சொன்னார், அதன்படி நடந்தாரா, பிசகியபோது அதை ஒத்துக்கொண்டாரா என்றுதானே பார்க்கிறோம். ஒரு நாளிதழையோ, தொலைக்காட்சியையோ, இணையதளத்தையோ அப்படி எடைபோட, அது சென்ற ஆண்டு சொன்னது நம் கையில் இருக்க வேண்டும்.

இணையத்தில் போட்டது என்றும் அழியாது என்று சொல்வார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. 2013ம் ஆண்டில் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்து ஆண்டுகளில் காணாமற் போய்விட்டன. செய்திப் பக்கங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில், திறக்காத இணைப்பு குறைந்தது ஒன்றாவது இருந்தது. இவற்றை எந்த அரசும் மூடவில்லை. முகவரிக்கான ஆண்டுக் கட்டணம் கட்டப்படவில்லை, தளத்தைப் புதுப்பித்தபோது பழைய பக்கங்களைக் கொண்டுவரவில்லை, பராமரித்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்பன போன்ற சின்னச் சின்னக் காரணங்களே போதும். 2024ம் ஆண்டு ஜூனில் எம்.டி.வி. நியூஸ் தளத்தின் இருபது ஆண்டுகளுக்கும் மேலான கட்டுரைகள் இப்படித்தான் மறைந்தன. நிறுவனம் எடுத்த ஒரு முடிவு, அவ்வளவே.

தமிழுக்கு இதில் கூடுதலாக ஒரு துயரம் உண்டு. இன்று நாம் யூனிகோடு எழுத்தில் எளிதாகப் படிக்கிறோம். தொண்ணூறுகளின் இறுதியிலும் 2000ம் ஆண்டுகளின் தொடக்கத்திலும் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. டிஸ்கி, டாப், பாமினி என்று ஆளுக்கொரு குறியேற்றம். அந்த எழுத்துருவை இறக்கி நம் கணினியில் வைத்தால்தான் செய்தியைப் படிக்க முடியும். இன்று அப்பக்கங்களில் எஞ்சியவற்றைத் திறந்தால் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துக்களின் குவியலே கண்ணில் படுகிறது. புலம்பெயர்ந்த தமிழர்கள் பலர் இலவசமாகப் பக்கம் அமைத்த ஜியோசிட்டீஸ் 2009ம் ஆண்டு அக்டோபரில் மூடப்பட்டது. யாஹூ குழுமங்களில் நடந்த உரையாடல்கள் 2019ம் ஆண்டு இறுதியில் அகற்றப்பட்டன. 1950ல் அச்சான ஓர் இதழைத் தேடிப் பிடிப்பது, 2002ல் இணையத்தில் வந்த ஒரு கட்டுரையைப் பிடிப்பதைவிடச் சில வேளைகளில் எளிது.

அந்த அச்சு இதழ்கள் இன்று கிடைப்பதற்கும் பல இடங்களில் தனிமனிதர்களே காரணம். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவருக்கு இல்லை. பழைய நூல்களோடு இதழ்கள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் என்று மற்றவர்கள் எடைக்குப் போடுவதையெல்லாம் சேர்த்தார். 1992ல் அவர் இறந்தபோது ஏறத்தாழ ஒரு இலட்சம் அச்சுப் பொருட்கள் அவர் வீட்டில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கி, தமிழ்நாட்டிலேயே வைத்துக் காக்க முன்வந்ததால், 1994ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்ட பின், ஈழத்து ஏடுகளைத் தேடுவோர் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2005ல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்களின் உழைப்பால் அந்த இழப்பின் ஒரு பகுதியையாவது ஈடு செய்து வருகிறது.

பங்கு ஆலயங்களில் நமக்குப் பழக்கமான ஓர் ஏடும் உண்டு. திருமுழுக்குப் பதிவேட்டைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: நாள், பெற்றோர், ஞானப் பெற்றோர், திருமுழுக்கு கொடுத்தவர் என எல்லாம் அதில் இருக்கும். பிற்பாடு உறுதிபூசுதலோ திருமணமோ நடந்தால் அதே பதிவின் ஓரத்தில் குறிப்பு எழுதப்படும். பிழை இருந்தால் திருத்தமும் அந்த ஓரத்தில்தான் வரும். முதலில் எழுதியதைச் சுரண்டி எடுப்பதில்லை. எப்போது, யாரால், ஏன் மாற்றப்பட்டது என்பதும் பதிவின் ஒரு பகுதி. இன்றைய செய்தித் தளங்களில் பலவற்றிலோ காலையில் படித்த தலைப்பு மாலையில் வேறாக இருக்கிறது. மாற்றியதற்கான அடையாளம் எதுவும் இல்லை. ஓரக் குறிப்பு எழுதாத இடத்தை நம்புவதற்கு முன் நாம் கொஞ்சம் தயங்குவது நல்லது.

இதெல்லாம் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள், ஒக்கிப் புயலை நினைத்துப் பார்க்க வேண்டும். 2017ம் ஆண்டு நவம்பர் 30ம் தேதி கன்னியாகுமரிக் கடலில் அப்புயல் வீசியபோது, நம் மீனவர்கள் நூற்றுக்கணக்கில் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை எப்போது வந்தது என்ற கேள்வி முதலில் எழுந்தது. முந்தைய நாளே எச்சரித்தோம் என்றது வானிலை ஆய்வுத் துறை. நவம்பர் 30 நண்பகலில்தான் புயல் என்ற சொல்லோடு எச்சரிக்கை கிடைத்தது என்றது கேரள அரசு. கடலில் தங்கி மீன்பிடிப்பவர்களோ அதற்குப் பல நாட்களுக்கு முன்பே கரையை விட்டுப் போய்விட்டவர்கள். இந்த வழக்கை யார் தீர்ப்பது? மணி குறிப்பிட்டு வெளியிடப்பட்ட அன்றைய அறிக்கைகளை அப்படியே வைத்திருப்பவர்களால்தான் பேச முடியும். பின்னர் எழுதப்பட்ட விளக்கங்கள் அதற்கு உதவா.

அதைவிடப் பெரிய குழப்பம் எண்ணிக்கையில் வந்தது. காணாமற்போனவர்கள் எத்தனை பேர்? முதல் நாட்களில் அரசுத் தரப்பில் சொன்ன எண்ணும், கடற்கரைப் பங்குகளில் வீடு வீடாகக் கேட்டு எழுதிய எண்ணும் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருந்தன. டிசம்பர் 7ம் தேதி ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் குழித்துறை இரயில் நிலையத்தில் அமர்ந்து போராடினார்கள். அம்மாத இறுதியில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு, 661 பேரைக் காணவில்லை, அவர்களில் தமிழகத்தவர் 400, கேரளத்தவர் 261 என்று தெரிவித்தது.

இதில் எல்லாரும் பொய் சொன்னார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நீரோடி முதல் இரயுமன்துறை வரை உள்ள தூத்தூர்ப் பகுதிக் கிராமங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. திருச்சபை நிர்வாகத்தில் அவை திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. அவர்களது படகுகள் பல கொச்சியிலிருந்து புறப்படுபவை. ஒரே மனிதர் குடும்ப அட்டைப்படி தமிழகத்தவர், படகுப்படி கேரளத்தவர். அவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? இதற்கிடையே புயலில் அடித்துச் செல்லப்பட்டவர்கள் இலட்சத்தீவிலும் மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் உயிரோடு கரையேறினார்கள். மகாராஷ்டிரக் கரைக்கு மட்டும் 68 படகுகளில் 952 பேர் வந்து சேர்ந்ததாக டிசம்பர் 2ம் தேதி செய்தி வந்தது. ஆக, டிசம்பர் 1ல் உண்மையாக இருந்த ஓர் எண் டிசம்பர் 3ல் பொய்யாகிவிட்டது. தேதி இல்லாத எண்ணிக்கையால் யாருக்கும் பயன் இல்லை. ஆனாலும் வாட்ஸ்அப்பில் அந்நாட்களில் சுற்றியவற்றில் தேதி இல்லாதவையே அதிகம்.

கடற்கரையில் தயாரான பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், ஊர், படகு, புறப்பட்ட நாள் ஆகியவை இருந்தன. இரு மாநில அரசுகளும் இறந்தவர் குடும்பத்துக்கு இருபது இலட்சம் ரூபாய் இழப்பீடு அறிவித்தன. ஆனால் உடல் கிடைக்காதபோது, காணாமற்போன ஒருவரை இறந்தவராகக் கருதச் சட்டப்படி ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அவ்வளவு காலம் அந்தக் குடும்பங்கள் எதைச் சாப்பிடும்? விதியைத் தளர்த்தக் கோரி மனு எழுதும்போது, எந்தப் படகில் எந்த நாளில் யார் போனார் என்று உடனுக்குடன் எழுதிவைத்த தாளுக்குத் தொலைக்காட்சி விவாதங்கள் அனைத்தையும்விட மதிப்பு இருந்தது. பெயர்களைத் தெரிந்தவர், அதே நாளில், அதே ஊரில் இருந்து எழுதியது என்பதே அதன் வலிமை. எந்தச் செய்தியைப் படிக்கும்போதும் நாம் கேட்க வேண்டியதும் இதைத்தான்: சொல்பவர் அங்கே இருந்தாரா, அல்லது இருந்தவரிடம் கேட்டாரா?

அரசு சொல்லிவிட்டால் இந்தக் கேள்வி வேண்டாம் என்றும் இருந்துவிட முடியாது. சுனாமி வந்த நான்காம் நாள், 2004ம் ஆண்டு டிசம்பர் 30ம் தேதி, மீண்டும் பேரலை வரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் எச்சரித்தது. பிணங்களைத் தேடிக் கொண்டிருந்தவர்களும் நிவாரணப் பணியில் இருந்தவர்களும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார்கள். அலை வரவில்லை. வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பே அந்த எச்சரிக்கைக்கு அடிப்படை என்று பின்னர் தெரிந்தது. அதே அரசின் அறிவியல் துறை அமைச்சர் கபில் சிபல் அந்தக் கணிப்பை வெளிப்படையாக நிராகரித்தார். அன்று ஓடியது தவறில்லை. உயிர் போகும் காரியத்தில் ஓடிவிட்டுப் பிறகு கேட்பதே முறை. ஆனால் அரசின் செய்திக்கும் ஒரு மூலம் உண்டு, அந்த மூலத்தையும் கேட்கலாம் என்பதை அந்த நாள் காட்டியது.

வெட்டப்பட்ட செய்தி இன்னும் ஆபத்தானது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்லும் காணொளி 2018ல் இந்தியாவின் பல மாநிலங்களில் பரவியது. அது பாகிஸ்தானின் கராச்சியில் பெற்றோரை எச்சரிப்பதற்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஓர் அட்டையைக் காட்டுவார்கள். பரப்பியவர்கள் அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். அவ்வாண்டு மே மாதம், குழந்தைக் கடத்தல் வதந்திகள் பரவியிருந்த திருவண்ணாமலை மாவட்டத்தில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோவிலுக்குக் குடும்பத்தோடு வந்த மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுப் படம் எங்கோ ஓரிடத்தில் பாதுகாக்கப்பட்டிருந்ததால்தான் வெட்டியது வெளிச்சத்துக்கு வந்தது.

இத்தகைய வெட்டு நம் சொந்த வீட்டிலும் நடந்திருக்கிறது. 2018ம் ஆண்டு மார்ச்சில், திருத்தந்தை பிரான்சிசின் இறையியல் பற்றிய 11 நூல்களின் வெளியீட்டையொட்டி, முன்னாள் திருத்தந்தை 16ம் பெனடிக்ட் எழுதிய கடிதத்தின் படத்தை வத்திக்கானின் சமூகத் தொடர்புச் செயலகம் வெளியிட்டது. அப்படத்தில் சில வரிகள் மங்கலாக்கப்பட்டிருந்தன. தாம் அந்நூல்களைப் படிக்கவில்லை என்று அவர் சொல்லத் தொடங்கும் இடம் அது. செய்தி நிறுவனங்கள் இதைக் கண்டுபிடித்துக் கேட்டன. சில நாட்களில் முழுக் கடிதமும் வெளியிடப்பட்டது. செயலகத் தலைவர் பதவி விலகினார். போலிச் செய்திகளைப் பற்றியே அவ்வாண்டின் உலக சமூகத் தொடர்பு நாள் செய்தி அமைந்திருந்த வேளையில் இது நடந்தது என்பதை நினைத்தால் நமக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆயினும், மங்கலாக்கிய படமும் முழுக் கடிதமும் இன்று இரண்டும் நம் முன் இருப்பதால், நடந்ததை எவரும் அமைதியாக எடைபோடலாம்.

சரி, வீட்டில் இருக்கும் ஒருவர் என்ன செய்ய முடியும்? பெரிய செலவு ஒன்றும் இல்லை. முக்கியமெனத் தோன்றும் செய்தியை முழுப் பக்கமாக, பி.டி.எஃப். கோப்பாகச் சேமிக்கலாம். முகவரி, வெளியான நாள், எழுதியவர் பெயர், நாம் பார்த்த நேரம் ஆகிய நான்கும் கூடவே இருக்கட்டும். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் பிறகு தேடுவது எளிது. கைப்பேசித் திரையைப் படம் பிடித்து வைப்பது மட்டும் போதாது. அதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், முகவரியும் இருக்காது. திருத்தம் வெளியானால் பழையதை அழிக்காமல் புதியதையும் அருகில் வையுங்கள். அமெரிக்காவில் 1996ல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ், வேபேக் மெஷின் என்ற பெயரில் இணையப் பக்கங்களைச் சேமித்து வருகிறது. 2025ம் ஆண்டு அக்டோபரில் அதன் சேமிப்பு ஒரு இலட்சம் கோடிப் பக்கங்களை எட்டியது. நாம் கொடுக்கும் முகவரியையும் அது இலவசமாகப் பதிந்துகொள்ளும். நம் கை படாத பிரதி என்பதால் பிறர் முன் அதற்கு மதிப்பு அதிகம். ஆனால் 2024ம் ஆண்டு அக்டோபரில் இணையத் தாக்குதலால் அதுவே சில நாட்கள் முடங்கிக் கிடந்தது. எனவே ஒரு பிரதி அங்கேயும் ஒன்று நம்மிடமும் இருப்பது நல்லது.

எல்லாவற்றையும் சேமிக்க வேண்டும் என்பதில்லை. விபத்தில் சிதைந்த உடல்கள், பாதிக்கப்பட்ட குழந்தைகளின் முகங்கள் நம் கணினியில் இருப்பதால் யாருக்கு என்ன நன்மை? எப்போதோ செய்த சிறு குற்றத்துக்காக ஒருவரை அவர் பெயரோடு என்றும் தூக்கிப் பிடிப்பதும் நீதியாகாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2014ல், தன்னைப் பற்றிய பொருந்தாத பழைய இணைப்புகளைத் தேடுபொறியிலிருந்து நீக்கக் கேட்கும் உரிமையைத் தனிமனிதருக்கு வழங்கியது. பதவியில் இருப்போரின் சொல்லுக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. 2004ம் ஆண்டு டிசம்பர் 27 முதல் அடுத்த மாதம் முழுவதும் வந்த நாளிதழ்கள் நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் குளச்சலிலும் சில வீடுகளின் பரண்களில் இன்னும் இருக்கக்கூடும். நாளிதழ்த் தாள் மலிவானது. இருபது ஆண்டில் பழுப்பேறி, மடித்த இடத்தில் ஒடியத் தொடங்கும். அவற்றை வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில் விரித்து, நாளிதழின் பெயரும் தேதியும் தெரியும்படி பக்கம் பக்கமாகப் படம் எடுக்க, பங்கு இளையோர் நான்கு பேருக்கு ஒரு சனிக்கிழமை போதும். அதே பரணில் அன்றைய நிவாரண முகாம்களின் பெயர்ப் பட்டியலோ, பங்கில் ஒட்டிய அறிவிப்போ கிடைத்தால் அதை முதலில் எடுங்கள். நாளிதழின் பிரதி வேறெங்காவது இருக்கும். அந்தத் தாள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.